அமேசானா, பந்தனாலா? பிரேசிலில் காட்டுக்கு ஒதுக்கும் அந்த ஐந்து நாள்

பிரேசில் போகிறோம் என்று சொன்னதுமே சுற்றியிருப்பவர்கள் கேட்பது, “அமேசான் காட்டுக்குப் போவீங்கள்ல?” என்றுதான். போகலாம், தப்பே இல்லை. ஆனால் ஜாகுவாரையும் முதலையையும் மனதில் வைத்துக்கொண்டு அமேசான் நடுவே உள்ள மனாவுஸ் நகரத்துக்கு டிக்கெட் எடுப்பவர்களில் பலர், இலையையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் தேடிப்போன விலங்குகள் அங்கிருந்து சுமார் 1,500 கி.மீ. தெற்கே, பந்தனால் என்ற சதுப்புவெளியில், எல்லாரும் பார்க்கும்படி வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பந்தனால் நம்மூரில் யாருக்கும் தெரியாத பெயர் என்பதால் பயணத் திட்டத்தில் அதற்கு இடமே கிடைப்பதில்லை.

இரண்டுக்கும் போகக்கூடாதா என்றால், இரண்டு வார லீவில் வேண்டாம் என்றே சொல்வேன். பிரேசிலின் பரப்பு சுமார் 85 லட்சம் சதுர கி.மீ. இந்தியாவைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஊர்களை இணைக்கும் பயணிகள் ரயில் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இல்லை. சாவோ பாவ்லோவிலிருந்து மனாவுஸ் போக விமானத்திலேயே நான்கு மணி நேரம் ஆகும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா அல்லது ஐரோப்பா வழியாகத்தான் போகவேண்டும். துபாயிலிருந்து சாவோ பாவ்லோ வரைக்குமே ஏறக்குறைய 15 மணி நேரம். இறங்கியபின் எட்டரை மணி நேரக் கடிகார வித்தியாசம் வேறு. ரியோ, இகுவாசு அருவி, அமேசான், பந்தனால் நான்கையும் 14 நாளில் அடக்கித் தரும் பேக்கேஜ்கள் உண்டு. அவற்றில் போனால் பிரேசிலின் விமான நிலையங்கள் அத்தனையும் உங்களுக்கு அத்துப்படி ஆகிவிடும்.

ஆகவே காட்டுக்கு ஐந்து நாள், ஓர் இடம் மட்டும் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

லீவு எந்த மாதம்?

எதைப் பார்க்க ஆசை என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த மாதத்தில் லீவு கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். இரண்டு இடங்களுமே வெள்ளம் ஏறி இறங்கும் நிலங்கள். ஆனால் இரண்டின் ஏற்ற இறக்கமும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

மனாவுஸ் நகரம் ரியோ நீக்ரோ ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே ஆற்றின் மட்டம் ஒவ்வோர் ஆண்டும் சராசரியாகப் பத்து மீட்டர் ஏறி இறங்கும். உச்சம் ஜூனில், அடிமட்டம் அக்டோபர், நவம்பரில். துறைமுகச் சுவரில் ஒவ்வோர் ஆண்டின் உச்சத்தையும் குறித்துவைத்திருக்கிறார்கள். 2021 ஜூனில் அது 30 மீட்டரைத் தாண்டியது. 2024 அக்டோபரில் வறட்சியால் 12 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கியது. மே, ஜூனில் போனால் காடு தண்ணீருக்குள் நிற்கும். படகிலேயே மரங்களுக்கு நடுவே போகலாம். அக்டோபரில் போனால் அதே இடத்தில் நடந்து போகலாம், ஆற்றில் வெள்ளை மணல் திட்டுகள் எழுந்திருக்கும். ஆனால் வறட்சி கடுமையான ஆண்டுகளில் சில தங்குமிடங்களுக்குப் படகே போய்ச் சேராது. 2023-லும் 2024-லும் அப்படித்தான் நடந்தது.

பந்தனாலில் கணக்கு வேறு. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. நிலம் கிட்டத்தட்டச் சமதளம் என்பதால் தண்ணீர் வடிய மாதக்கணக்கில் ஆகும். மே மாதத்தில் வடியத் தொடங்கி, ஜூலைக்குப் பிறகு குட்டைகளும் ஆற்றோரங்களும் மட்டும் மிஞ்சும். விலங்கெல்லாம் அந்த மிச்சத் தண்ணீரைத் தேடி வந்து குவியும். ஜூலை முதல் அக்டோபர் வரை ஜாகுவார் பார்க்க உச்ச காலம். ஜனவரியில் போனால் சாலையே சில இடங்களில் தண்ணீருக்கடியில் இருக்கும்.

இதை நம்ம ஊர் நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் கோடை விடுமுறையான மே மாதம்தான் உங்களுக்கு வாய்ப்பது என்றால், அமேசான் பக்கம் சாயுங்கள். தண்ணீர் உச்சத்தை நெருங்கும், மழையும் குறையத் தொடங்கும். ஆயுதபூஜையை ஒட்டிச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ லீவு போட முடிந்தால் பந்தனால், யோசிக்கவே வேண்டாம். டிசம்பர் கடைசி இரண்டுக்கும் சுமார்தான். பிரேசிலுக்கு அது கோடை விடுமுறை, ரியோவில் புத்தாண்டுக் கூட்டம், ஓட்டல் வாடகை எகிறும். அந்த மாதத்தில் போகிறவர்கள் காட்டை விட்டுவிட்டு அருவிக்கும் கடற்கரைக்கும் போகலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அமேசானில் என்ன கிடைக்கும்

மழைக்காட்டின் கூரை 30, 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான உயிர்கள் அங்கேதான் வாழ்கின்றன. கீழே படகில் இருக்கும் உங்களுக்குக் கிளை அசைவதும் குரலும்தான் கிடைக்கும். விடியற்காலையில் ஹவ்லர் குரங்குகள் போடும் ஓலம் சில கி.மீ. தூரம் கேட்கும், குரங்கைப் பார்ப்பது அன்றைய அதிர்ஷ்டம். பகலில் தேவாங்குபோல மெல்ல நகரும் ஸ்லாத், பெரிய அலகுள்ள டூக்கன் பறவை, கிளிக் கூட்டம், ஆற்றில் இளஞ்சிவப்பு ஓங்கில்கள் (டால்பின்கள்). இரவில் டார்ச் அடித்தால் கேமன் முதலையின் கண் சிவப்பாக மின்னும். ஜாகுவார் அங்கேயும் உண்டு, ஆனால் ஐந்து நாள் விருந்தாளியின் கண்ணில் படும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அப்படியென்றால் ஏன் போகவேண்டும்? தண்ணீரில் நிற்கும் காட்டுக்காக. ரியோ நீக்ரோவின் தண்ணீர் அழுகிய இலைகளின் சாறு இறங்கி, டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருக்கும். ஜூன் மாதத்தில் சின்ன வள்ளத்தில் அந்த வெள்ளக்காட்டுக்குள் நுழைந்தால், அடிமரம் எதையும் பார்க்க முடியாது. நீங்கள் துடுப்புப் போடுவது கிளைகளின் உயரத்தில். ஆர்க்கிட் செடி தோளில் உரசும். எறும்புகள் வெள்ளத்துக்குத் தப்பிக் கிளையில் மொய்த்திருக்கும், பிடித்துக்கொள்ளக் கையை நீட்டுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் அசையாத நேரத்தில் மேலே இருக்கும் மரம் அப்படியே கீழேயும் தெரியும், எங்கே காடு முடிந்து எங்கே பிம்பம் தொடங்குகிறது என்று கண் தடுமாறும். அதே இடத்துக்கு நவம்பரில் வந்தால் காய்ந்த தரையில் நின்றபடி அண்ணாந்து பார்க்கலாம்: மரத்தில் வெள்ளம் விட்டுப்போன கறை உங்கள் தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் இருக்கும். வேறெங்கும் இது எளிதில் கிடைக்காது. பந்தனாலில் நிச்சயமாகக் கிடைக்காது.

தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது எந்த ஆற்றின் பக்கம் என்று கேளுங்கள். இதை ஏஜென்டுகள் தாமாகச் சொல்வதில்லை. ரியோ நீக்ரோவின் கறுப்புத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது, கொசுப்புழு வளர்வது கடினம். அதனால் கொசு குறைவு. ஆனால் சத்தில்லாத தண்ணீர் என்பதால் விலங்கும் குறைவு. சோலிமோயிஸ் ஆறு ஆண்டிஸ் மலையின் வண்டலைச் சுமந்து பழுப்பாக வருகிறது. அந்தப் பக்கம் மீன், பறவை, குரங்கு எல்லாம் அதிகம், கொசுவும் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்கள் கறுப்பு ஆற்றுப் பக்கம் போவது நல்லது. பறவைப் பித்து உள்ளவர்கள் கொசுவுக்குப் பயப்படாமல் மற்றதைப் பிடிக்கலாம். இந்த இரண்டு ஆறுகளும் மனாவுஸுக்குக் கீழே சேர்ந்து, ஆறு கி.மீ. தூரத்துக்குக் கலக்காமல் கறுப்பும் பழுப்புமாக அருகருகே ஓடுகின்றன. வெப்பம், வேகம், அடர்த்தி மூன்றிலும் வித்தியாசம் இருப்பதுதான் காரணம். அரைநாள் படகுச் சுற்றில் பார்த்துவிடலாம்.

மனாவுஸிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள விடுதிகள் வசதியானவை, ஆனால் பக்கத்தில் ஊர் இருக்கிறது, படகு எஞ்சின் சத்தம் ஓயாது. மூன்று நான்கு மணி நேரம் தள்ளிப் போவது மேல். நோவோ ஐராவோ ஊரை ஒட்டிய அனவில்யானஸ் தீவுக்கூட்டம் ஒரு நல்ல நடுவழி. நூற்றுக்கணக்கான ஆற்றுத்தீவுகள், சாலையிலேயே போகலாம். பணமும் ஆர்வமும் கூடுதலாக உள்ளவர்கள் மனாவுஸிலிருந்து தெஃபே என்ற ஊருக்கு விமானத்தில் போய், மமிராவா காப்பகத்தின் மிதக்கும் விடுதியில் தங்கலாம். சிவந்த மொட்டை முகமும் வெள்ளை ரோமமும் கொண்ட உவாகாரி குரங்கு அங்கே இருக்கிறது.

தூளி கட்டிப் படுத்துக்கொண்டு போகும் பயணிகள் கப்பலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மனாவுஸிலிருந்து பெலேம் வரை சுமார் 1,600 கி.மீ., நான்கைந்து நாள். மேல்தளத்தில் நூறு தூளிகள் தொங்கும், பக்கத்துத் தூளிக்காரரின் முழங்கை உங்கள் விலாவில். மனிதர்களைப் பார்க்க அருமையான வழி. காட்டைப் பார்க்கும் வழி என்று நினைத்து ஏறாதீர்கள். ஆற்றோட்டத்தோடு இறங்கும் கப்பல் வேகத்துக்காக நடு ஆற்றில் போகும், கரை ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். எதிர்நீச்சலில் ஏறும் கப்பல்கள் ஓட்டம் குறைந்த கரையோரமாகப் போகும். நாள் கூடும், ஆனால் வீடுகளும் மரங்களும் கிட்டத்தில் தெரியும். இந்த வழியில் பாதி மட்டும் போதும் என்பவர்கள் சந்தரேம் வரை போய், பக்கத்தில் ஆல்டர் டு ஷாவோவின் ஆற்று மணலில் இரண்டு நாள் கிடக்கலாம். அங்கே தெளிந்த தபஜோஸ் ஆறு. மணல் வெளிவருவது ஆகஸ்டுக்குப் பிறகு.

தபஜோஸ் என்றதும் ஒரு விஷயம். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் இந்த ஆற்றுப் பகுதியிலிருந்து ரப்பர் விதைகளை மூட்டையாகக் கட்டி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. மலாயா தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரங்களின் பூர்வீகம் இதுதான். ஆசிய ரப்பர் சந்தைக்கு வந்ததும் மனாவுஸின் செல்வம் 1910-களில் சரிந்தது. அந்தச் செல்வத்தில் கட்டி 1896-ல் திறந்த ஓபரா அரங்கம் இன்னும் ஊர் நடுவே இருக்கிறது. உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். மலேசியாவிலிருந்து போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

பந்தனாலில் என்ன கிடைக்கும்

இது காடே இல்லை. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சதுர கி.மீ. பரந்த புல்வெளி, குட்டை, ஆறு, அங்கங்கே மரத்தோப்பு; கொஞ்சம் பொலிவியாவுக்கும் பராகுவேக்கும் நீள்கிறது. மரம் மறைக்காததால் கண்ணுக்கு எட்டிய தூரம் விலங்கு தெரியும். பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணை. அந்தப் பண்ணைகளில் சிலவே விருந்தினர் விடுதிகளாகவும் நடக்கின்றன.

வடக்கு வாசல் குயாபா நகரம். அங்கிருந்து 100 கி.மீ. தார்ச்சாலையில் பொக்கோனே. அதற்கப்புறம் டிரான்ஸ்பந்தனேரா என்ற மண்சாலை தொடங்குகிறது. சுமார் 145 கி.மீ. நீளம், 120 பாலங்கள்போல. பாலம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டை, குட்டை ஒவ்வொன்றிலும் கேமன் முதலைகள் வாயைத் திறந்தபடி வரிசையாகக் கிடக்கும். அவற்றின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளிக் கொக்கு நின்று மீன் பார்க்கும். பெருத்த எலிபோன்ற கேபிபராக்களின் குடும்பம் சாலையை மறித்து உட்கார்ந்திருந்தால் ஹார்ன் அடித்துப் பயனில்லை, காத்திருக்கவேண்டும். கழுத்தில் சிவப்புப் பட்டையோடு ஆளுயரத்துக்கு நிற்கும் ஜபிரு நாரை, ஜோடி ஜோடியாகப் பறக்கும் நீல மக்காவ் கிளி, தாடியைத் தரையில் இழுத்ததுபோல வாலை இழுத்துப்போகும் பெரிய எறும்புத்தின்னி. முதல் நாள் மாலைக்குள் கேமராவின் அட்டை நிறைந்துவிடும்.

சாலை போர்ட்டோ ஜோஃப்ரே என்ற இடத்தில் ஆற்றில் முட்டி முடிகிறது. ஜாகுவாருக்காக வருகிறவர்கள் அங்கே தங்கி, காலை முதல் மாலை வரை படகில் குயாபா ஆற்றையும் கிளைகளையும் சுற்றுவார்கள். படகுக்குப் படகு வயர்லெஸ் உண்டு. ஒருவர் கண்ணில் ஜாகுவார் பட்டால் பத்துப் படகு கூடிவிடும். ஜாகுவார் கவலையே படாமல் கரையில் படுத்துக்கொண்டிருக்கும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இது எரிச்சல். ஆனால் அது எழுந்து, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி, கேமனின் பிடரியைக் கவ்விக் கரைக்கு இழுத்துப்போவதைப் பார்க்க உலகத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. உச்ச காலத்தில் மூன்று நாள் சுற்றினால் பார்க்காமல் திரும்புவது அரிது. அங்கே அறைகள் குறைவு, படகு எரிபொருள் செலவும் சேர்ந்து, மனாவுஸ் விடுதியைவிடக் கணிசமாகக் கூடுதலாகும். மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்யவேண்டும்.

செலவைக் குறைக்க ஒரு வழி: போர்ட்டோ ஜோஃப்ரேயில் இரண்டு இரவு, மீதியைச் சாலையோரப் பண்ணை விடுதியில். வறண்ட காலத்தில் குயாபாவில் காரை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகவும் ஓட்டலாம். வலப்பக்க ஓட்டம் என்பதை மறக்கவேண்டாம், பொக்கோனேயில் டாங்கை நிரப்பிவிடுங்கள், பொழுது சாயுமுன் விடுதி போய்ச் சேருங்கள். பண்ணைகளில் பல பேருக்குப் போர்ச்சுகீஸ் மட்டும்தான் தெரியும். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

தெற்குப் பந்தனால் வேறு மாதிரி. வாசல் கம்போ கிராண்டே நகரம். மிராண்டா, அக்கிதவானா பக்கம் பண்ணைகள். குதிரை ஏறிச் சதுப்பில் போவது, மாடு மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து குளிர்ந்த மாத்தே இலைப் பானம் குடிப்பது என்று வாழ்க்கையைப் பார்க்கலாம். ஜாகுவார் வாய்ப்பு வடக்கைவிடக் குறைவு. ஆனால் பக்கத்தில் போனிட்டோ இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டி வரும் கண்ணாடித் தண்ணீர் ஆறுகள். முகமூடி மாட்டிக்கொண்டு மிதந்தால் மீன்கள் கூடவே வரும். ஒவ்வோர் இடத்துக்கும் நாளுக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு வைத்திருப்பதால், அங்குள்ள ஏஜென்சி வழியாகச் சீட்டு வாங்கிய பிறகே போகமுடியும். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு வடக்கைவிட இந்தச் சேர்க்கை பொருந்தும் என்பது என் எண்ணம்.

பந்தனாலின் குறைகளையும் சொல்லவேண்டும். செப்டம்பர், அக்டோபரில் குயாபாவில் 40 டிகிரியைத் தொடும். ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்தால் ஒரே நாளில் பத்து டிகிரிக்கு இறங்கும், திறந்த ஜீப்பில் பல் கிட்டிப்போகும். ஒரு ஜாக்கெட் கட்டாயம். புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். 2020-ல் பெருந்தீ பிடித்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரிந்தது, 2024-லும் மோசமான தீ. வறண்ட ஆண்டுகளில் ஆகஸ்டு, செப்டம்பரில் புகை மூட்டம் இருக்கலாம். விலங்கு பார்க்கச் சிறந்த மாதமும் தீ பிடிக்கும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. பதிவு செய்யும் விடுதியில் பணத்தைத் திருப்பித் தரும் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

நடை குறைந்த பெரியவர்களுக்கு இரண்டில் எது? பந்தனால்தான். அறை வாசல்வரை கார் போகும், ஜீப்பில் உட்கார்ந்தபடியே எல்லாம் தெரியும். அமேசானில் வழுக்கும் படிக்கட்டு, ஆடும் வள்ளம், ஈரம் காயாத துணி.

இரண்டும் வேண்டாம் என்றால்

டிசம்பரில் போகிறவர்களுக்கும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், ஐந்து நாளுக்குப் பதில் இரண்டு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் இகுவாசு. சுமார் 275 அருவிகள் 2.7 கி.மீ. அகலத்துக்கு விழுகின்றன, பெரும்பகுதி அர்ஜென்டினா பக்கம். பிரேசில் பக்கம் நின்றால் மொத்தக் காட்சியும் எதிரில் விரியும், ஒன்றே கால் கி.மீ. நடைபாதை, அரை நாள் போதும். அர்ஜென்டினா பக்கம் அருவிகளின் தலைக்கு மேலேயே நடப்பீர்கள், ஒரு முழு நாள் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அர்ஜென்டினா விசா விதி தனி. அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. புறப்படுமுன் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவுக்குள் போக வழி இல்லாதவர்கள் பிரேசில் பக்கம் மட்டும் பார்த்தாலும் குறை என்று சொல்லமாட்டேன். கையில் தின்பண்டம் இருந்தால் குவாட்டி என்ற நீள்மூக்கு விலங்குகள் பையோடு பிடுங்கிப்போகும். அருவிப் பூங்கா வாசலுக்கு எதிரிலேயே பறவைப் பூங்கா. குழந்தைகளுக்கு டூக்கனை முகத்துக்கு முகம் பார்க்கக் கிடைக்கும்.

சாவோ பாவ்லோவிலிருந்து பேருந்திலும் வரலாம், ஓர் இரவும் கொஞ்சம் பகலும் ஆகும். படுக்கை வகுப்பு நன்றாகவே இருக்கும். முன்னதாகப் பதிவு செய்தால் விமானம் பல நேரம் அதே விலைக்கு வந்துவிடும்.

எந்தப் பக்கம் போனாலும்

டிக்கெட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலுக்குள் நுழைய உங்களிடம் கேட்காவிட்டாலும், திரும்பி வரும்போது இந்தியாவில் கேட்பார்கள். சான்று இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ரியோவுக்கு மட்டும் போய்வந்தாலும் இதே கதைதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, நாளும் இடமும் கேட்டுக்கொண்டு போகவேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அப்பா, அம்மாவை அழைத்துப்போகும் திட்டம் இங்கேயே மாறிவிடலாம். அமேசானுக்குப் போகிறவர்கள் அதே நேரத்தில் மலேரியா மாத்திரை பற்றியும் கேட்டுவிடுங்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. கனடாக்காரர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து மின்விசா கட்டாயம்.

பணத்துக்கு அங்கே பிக்ஸ். நம்ம யுபிஐபோல 2020 நவம்பரில் அவர்களின் மத்திய வங்கி கொண்டுவந்தது. கடற்கரையில் இளநீர் விற்பவர்வரை அதில்தான் வாங்குகிறார். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது பெரும்பாலும் உதவாது. கார்டு நகரங்களில் எங்கும் செல்லும். பொக்கோனேக்கு அப்பாலும் ஆற்றோரக் கிராமங்களிலும் பிரேசிலின் பணமான ரியால் நோட்டு வேண்டும், குயாபாவிலோ மனாவுஸிலோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பேருந்துத் தளங்கள், சிம் கடைகள் எல்லாம் சிபிஎஃப் என்ற அவர்களின் வரி எண்ணைக் கேட்கும். பேருந்துச் சீட்டைக் கவுன்டரில் பாஸ்போர்ட் காட்டி வாங்குவதும், இ-சிம்மை ஊரிலேயே எடுத்துக்கொள்வதும் தலைவலியைக் குறைக்கும். ரியோவிலும் சாவோ பாவ்லோவிலும் தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வழி பார்க்காதீர்கள். கடைக்குள் போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை, சோறு கட்டாயம் கிடைக்கும். தினமும் மதியம் சோறும் குழம்பாக வெந்த பீன்ஸும்தான் அந்த நாட்டுச் சாப்பாடு. சைவர்கள் பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். எடை போட்டுக் காசு வாங்கும் உணவகங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நமக்கு வேண்டியதை மட்டும் தட்டில் எடுத்துக்கொள்ளலாம், காய்கறி நிறைய இருக்கும். மரவள்ளிக்கிழங்கு பல வேஷத்தில் வரும்: வறுத்த மாவாக, சீஸ் போட்ட பன்னாக, தேங்காய் வைத்த தோசையாக. மனாவுஸ் காலைச் சந்தையில் துக்குமா பழமும் சீஸும் வைத்த ரொட்டி கேளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே சுட்ட தம்பாக்கி மீனின் விலா ஒன்றே டிக்கெட் காசுக்குச் சமம். பந்தனால் பண்ணைகளில் மாட்டிறைச்சிதான் பிரதானம்; சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் சோறும் பொரித்த முட்டையுமாக ஐந்து நாள் ஓடும்.

ஊரிலிருந்து குட்டி ரைஸ் குக்கரைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேசிலில் மின்சாரம் ஊருக்கு ஊர் மாறும்; சில இடத்தில் 220 வோல்ட், ரியோ உட்படப் பல இடத்தில் 127. நம்ம 230 வோல்ட் குக்கர் 127-ல் மூன்றில் ஒரு பங்கு சூடுதான் தரும், அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். போன் சார்ஜருக்கு இந்தக் கவலை இல்லை, பிளக் அடாப்டர் மட்டும் போதும். காட்டு விடுதிகளில் பல ஜெனரேட்டரையோ சூரிய மின்சாரத்தையோ நம்பி இருப்பதால் ராத்திரி சில மணி நேரம் கரண்ட் இருக்காது. கேமரா பேட்டரியைச் சாப்பாட்டு நேரத்திலேயே செருகிவிடுங்கள்.